நெஞ்சை அழுத்தினால் சளி போகுமா?

பிரான்சில் குளிர்காலம் வந்தால் கைக்குழந்தைகளுக்கு இருமலும் இழுப்பும் தொடங்கிவிடும். பிராங்கியோலைட்டிஸ் என்ற அந்தத் தொற்றுக்குப் பெற்றோர் பல்லாண்டுகளாக நம்பியது பிசியோதெரபிஸ்ட்டின் கைகளைத்தான். அவர் பிஞ்சு நெஞ்சை அழுத்துவார். குழந்தை வீறிட்டு அழும். கொஞ்சம் சளி வெளிவரும். கண்ணால் பார்த்த சளியைவிடப் பெரிய சாட்சி எந்தத் தாய்க்கு வேண்டும்?

7 பிரெஞ்சு மருத்துவமனைகளில் 496 குழந்தைகளிடம் அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நெஞ்சை அழுத்தும் சிகிச்சை. மற்றவர்களுக்கு மூக்குச் சளியை உறிஞ்சி எடுப்பது மட்டும். தம் குழந்தைக்கு எது நடக்கிறது என்பதைப் பெற்றோரிடம் சொல்லவில்லை. 2010இல் முடிவு வெளியானது. குணமாகும் காலத்தில் வேறுபாடு இல்லை. அழுத்தப்பட்ட குழந்தைகளே அதிகம் வாந்தியெடுத்தார்கள். பெற்றோர் சொன்னது இன்னும் முக்கியம்: அந்தச் சிகிச்சை கடுமையாக இருந்தது, குழந்தைக்குக் கூடுதல் சுகம் கிடைக்கவில்லை.

2019இல் பிரெஞ்சு சுகாதார ஆணையமும் நெஞ்சை அழுத்தும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது.

அப்படியானால் என்ன செய்வது? உப்புநீர்ச் சொட்டு விட்டு மூக்கைச் சுத்தம் செய்யுங்கள். பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். குடிக்கும் பால் பாதியாகக் குறைந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.