கட்டணமில்லாச் சந்தையும் கட்டணச் சந்தையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் கல்வியைப் பற்றிப் பேசவல்லார் பலர் வந்துள்ளனர். நமக்கு அளிக்கப்பெற்ற பொருளோ சந்தை. கழகத்தின் உதவியால் படித்து முடித்த பிள்ளைகளுள் ஒரு சாரார், அரசுப் பணிக்குக் காத்திராமல், கைப்பேசியின் வழியே பொருள் விற்கத் தொடங்கியுள்ளனர். ஆகவே இணையச் சந்தைகளும் ஏலத் தளங்களும் விற்போரிடம் பெறும் கட்டணம் பற்றியும், அவை தமக்குள் நடத்தும் போட்டி பற்றியும் எடுத்துரைக்குமாறு பொறுப்பாளர்கள் பணித்தனர். பொருளியல் நாம் முறையாகப் பயின்ற துறையன்று. விழுக்காட்டுக் கணக்கை இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். இப்பொருளுக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

வாரச்சந்தையை அறியாதார் இவ்வவையில் இலர். ஊராட்சி சந்தையைக் குத்தகைக்கு விடுகிறது. ஏலம் எடுத்தவர் கூடைக்கு இவ்வளவு, தரைக்கடைக்கு இவ்வளவு என வசூல் செய்கிறார். வசூல் மிகும்போது வியாபாரிகள் முணுமுணுப்பர். எனினும் அடுத்த வாரமும் அங்கேயே வருவர். வாங்குவோர் அங்கே கூடுகின்றனர் என்பதே காரணம். பக்கத்து ஊரில் ஒருவர் வரியின்றி இடம் தருவதாக அழைத்தாலும், வாங்க ஆளில்லாத இடத்தில் கூடையை இறக்கிப் பயனில்லை. விற்போரைத் தேடி வாங்குவோரும், வாங்குவோரைத் தேடி விற்போரும் ஓரிடத்தில் குவிகின்றனர். குவிந்தபின் அக்கூட்டம் எளிதில் இடம் பெயர்வதில்லை. இணையச் சந்தையின் கட்டணக் கதை முழுவதும் இவ்வொரு இயல்பிலிருந்தே கிளைக்கிறது.

1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்னும் இளைஞர் ஏலத் தளம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் ஈபே எனப் பெயர் பெற்றது அதுவே. அதில் முதலில் விலைபோன பொருள் பழுதான லேசர் பாயிண்டர் ஒன்று. 14 டாலர் 83 சென்டுக்கு ஒருவர் எடுத்தார். தொடக்கத்தில் கட்டணம் ஏதுமில்லை. தளத்துக்கு வருவோர் பெருகவே, இணைய இணைப்பு அளித்த நிறுவனம் மாதம் 250 டாலர் கேட்டது. அச்செலவை ஈடுகட்டவே ஒமிட்யார் விற்பனையில் சிறு பங்கு கேட்கலானார். தபால் உறைகளில் சில்லறைக் காசுகள் கூட வந்து சேர்ந்தனவாம். கேட்டதும் கொடுத்தனர், ஏனெனில் வேறிடத்தில் அத்தகைய கூட்டம் இல்லை.

இதன்பின் நிகழ்ந்த போட்டியை மூன்று நாடுகளில் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஒரே ஆயுதம் மூன்றிடத்தும் வெவ்வேறு பயன் விளைத்தது. 

அமெரிக்காவில் 1998-இல் யாகூ நிறுவனம் ஏலத் தளம் திறந்தது. விற்போர் காசு கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அமேசானும் ஏலத்தில் இறங்கியது. ஆயினும் ஈபேயின் கூட்டம் கலையவில்லை. கட்டணம் செலுத்தியும் விற்போர் அங்கேயே நின்றனர். 2001 ஜனவரியில் யாகூ தானும் கட்டணம் விதித்தது. அந்நாள்வரை அங்கிருந்தோரை நிறுத்தி வைத்தது இலவசம் ஒன்றுதான். அது நீங்கியதும் பட்டியலிட்ட பொருள்களில் பெரும்பகுதி மறைந்தது. 2007-இல் யாகூ அமெரிக்க ஏலத் தளத்தை மூடிவிட்டது.

சப்பானில் முறை தலைகீழ். அங்கே யாகூ சப்பான் 1999-இல் கட்டணமின்றித் தொடங்கியது. ஈபே சில மாதங்கள் பிந்தி, 2000-இல், கட்டணத்தோடு நுழைந்தது. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. 2002 மார்ச் இறுதியில் ஈபே அந்நாட்டை விட்டு வெளியேறியது. யாகூ சப்பான் 2001 மே மாதத்திலேயே மாதம் 280 யென் பெறத் தொடங்கியிருந்தது. 2002 ஏப்ரலில், அதாவது எதிரி கடையைக் கட்டிய மறுமாதம், பொருளைப் பட்டியலிட 10 யென்னும், விற்றதில் 3 விழுக்காடும் விதித்தது. இம்மாதங்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்குமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பின்னாளில் அவ்விழுக்காடு படிப்படியாக ஏறிற்று. 2013-இல் மெர்காரி என்னும் புதிய நிறுவனம் விற்போரிடம் தரகு பெறாமல் நுழைந்தது. 2014 அக்டோபரில் அதுவும் 10 விழுக்காடு பெறலாயிற்று.

சீனத்தில் நிகழ்ந்தது மிகப் பெரிய மோதல். ஈபே 2002-இல் 3 கோடி டாலரும், 2003-இல் 15 கோடி டாலரும் செலவிட்டு ஈச்நெட் என்னும் சீன நிறுவனத்தை வாங்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் அலிபாபா நிறுவனம் தாவோபாவ் என்னும் சந்தையை விற்போருக்குக் கட்டணமின்றித் திறந்தது. விற்போரும் வாங்குவோரும் நேரே உரையாட வழி செய்தது. பொருள் கைக்கு வரும்வரை பணத்தை நடுவிடத்தில் நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டையும் கொணர்ந்தது. இலவசம் மட்டும் வென்றது என்று கூறுதல் பிழை. முன்பின் அறியாதார் இருவரிடை நம்பிக்கையை உண்டாக்கிய அவ்வேற்பாட்டுக்கும் பெரும் பங்குண்டு. ஈபே 2006 ஜனவரியில் தானும் கட்டணத்தை நீக்கிப் பார்த்தது. காலம் கடந்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சீனத் தளத்தை உள்ளூர் நிறுவனம் ஒன்றுடனான கூட்டு முயற்சியிடம் ஒப்படைத்தது.

அதன்பின் நேர்ந்ததே நம் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டுவது. 2011 அக்டோபரில் அலிபாபா தனது தாவோபாவ் மால் பகுதியில் கடை வைத்திருப்போருக்கு ஆண்டுக் கட்டணத்தை 6,000 யுவானிலிருந்து 30,000 அல்லது 60,000 யுவானாக உயர்த்துவதாகவும், காப்புத் தொகையை 10,000-இலிருந்து 1,50,000 யுவான் வரை உயர்த்துவதாகவும் அறிவித்தது. போலிப் பொருளை ஒழித்துத் தரத்தை உயர்த்தவே இது என்றது நிறுவனம். சிறு கடைக்காரர் ஆயிரக்கணக்கில் திரண்டனர். தெருவில் மட்டுமன்றி, சந்தைக்குள்ளேயே போராடினர்: பெருங்கடைகளில் பொருள்களைக் குவியலாகக் கேட்டுப் பெற்றுப் பின் திருப்பினர். பெருங்கடைக்காரர் செய்த குற்றம் யாது என வினவலாம், வினா நியாயமே. சீன வணிக அமைச்சகம் தலையிட்டபின், பழைய கடைக்காரர்களுக்குக் கட்டண உயர்வு தள்ளி வைக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 2021 ஏப்ரலில், தன்னிடம் விற்போர் பிற சந்தைகளில் விற்கலாகாது எனக் கட்டுப்படுத்தியமைக்காக அலிபாபாவுக்குச் சீன அரசு 1,800 கோடி யுவானுக்கு மேல் தண்டம் விதித்தது. கட்டணமின்றிக் கதவைத் திறந்தவர், வெளியேறும் கதவுக்குத் தாழிட்டார் என்பதே அவ்வழக்கின் பொருள்.

கைவினைஞருக்கென்றே 2005-இல் தோன்றிய எட்ஸி என்னும் அமெரிக்கச் சந்தையும் இவ்வழியே சென்றது. விற்ற விலையில் மூன்றரை விழுக்காடாக இருந்த தரகு 2018-இல் ஐந்தாயிற்று. 2022 ஏப்ரல் 11 முதல் ஆறரையாயிற்று. அன்று தொடங்கி ஒரு வாரம் பல்லாயிரம் கைவினைஞர் தம் கடைகளை மூடி வேலைநிறுத்தம் செய்தனர். தரகு குறையவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனி வீட்டில் இருந்து விற்போர். பலருக்கு வேறு சந்தையும் இல்லை.

கட்டணம் நீங்கும் நிகழ்ச்சியும் உண்டு, மறைத்தல் ஆகாது. விண்டட் என்னும் லித்துவேனிய நிறுவனம் பழைய துணி விற்போரிடம் தரகு பெறாமல் வாங்குவோரிடம் பெறலாயிற்று. அதன் நெருக்கடியும் சேர, ஈபே செர்மனியில் 2023-இலும், பிரித்தானியாவில் 2024-இலும், வணிகரல்லாத தனியாருக்கு விற்பனைக் கட்டணத்தை நீக்கியது. 2025 பிப்ரவரியில் பிரித்தானியாவில் வாங்குவோரிடம் பாதுகாப்புக் கட்டணம் ஒன்றைப் பெறத் தொடங்கியது. போட்டி கட்டணத்தைக் குறைக்கும்; சிலவேளை அதனை ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாற்றும்.

இனி நம் நாடு. 2021-இல் மீஷோ நிறுவனம் விற்போரிடம் தரகு பெறுவதில்லை என அறிவித்தது. 2025-இல் அமேசான் 300 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள பொருள்கள் பலவற்றுக்குத் தரகை நீக்கியது. இவை நற்செய்தியே. எனினும் தரகு என்பது கட்டணங்களுள் ஒன்றேயாகும். நம்மிடம் பயின்ற மாணவியொருவர் துணிப்பை தைத்து இணையச் சந்தையொன்றில் விற்கிறார். அண்மையில் கணக்கேட்டைக் கொண்டுவந்து காட்டினார். பையின் விலை 400 ரூபாய். தரகு 40, நிலைக் கட்டணம் 25, அனுப்புகூலி 65; ஆக 130. இதன்மேல் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு, 23 ரூபாய் 40 காசு. கைக்கு வருவது 246 ரூபாய் 60 காசு. துணி, நூல், ஜிப் வகையில் 170 ரூபாய். மிச்சம் 76 ரூபாய் 60 காசு. வாங்கியவர் பையைத் திருப்பிவிட்டால் வரியோடு 94 ரூபாய் 40 காசு பிடித்தம். அதாவது ஒன்றேகால் பை விற்ற ஆதாயம் கரைகிறது. தைத்த கூலியை அப்பெண் எழுதவேயில்லை. ஏனம்மா என்றோம். “அது என் வேலைதானே ஐயா” என்றார். ஒரு பைக்கு இரண்டு மணி நேரமாகிறது. கூலியை எழுதும் பழக்கம் நம் வீடுகளில் வரவேண்டும்; உழைப்புக்கு விலை எழுதாமல் விட்டதால் பயனடைந்தோர் யாவர் என்பதை இவ்வவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்றும் உண்டு. பழைய சந்தைகளில் யார் எங்கே கடை பரப்பலாம் என்பதைக் காசு மட்டும் முடிவு செய்ததில்லை. வரி ஒன்றாயிருந்தும் இடம் ஒன்றாயிருந்ததில்லை. நம்மவர் கைப்பட்ட உண்பொருளை வாங்கத் தயங்கும் ஊர்கள் இன்றும் உள. இணையச் சந்தை தைத்தவர் எத்தெரு என்று கேட்பதில்லை; இதனை நாம் சிறிய பேறாகக் கருதவில்லை. ஆனால் அங்கேயும் இடம் உண்டு. தேடுவோர் கண்ணில் முதல் வரிசையில் படுவதற்கு விளம்பரக் கட்டணம் செலுத்த வேண்டியுள்ளது. 2024-ஆம் ஆண்டில் அமேசான் உலகெங்கும் விளம்பரத்தால் மட்டும் பெற்ற வருவாய் 5,600 கோடி டாலருக்கு மேல். தரகு நீங்கிய இடத்திலும் இக்கட்டணம் நிற்கிறது.

சட்டத்தில் வந்த ஒரு மாற்றத்தை நம் சிறு விற்பனையாளர் பலர் அறியாதுள்ளனர். முன்பு இணையச் சந்தையில் பொருள் விற்க வேண்டுமாயின், விற்பனை எவ்வளவு சிறிதாயினும், சரக்கு சேவை வரிப் பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்போருக்கு, ஆண்டு விற்பனை பதிவு வரம்புக்கு உட்பட்டிருந்தால் அப்பதிவு வேண்டியதில்லை. பதிவெண்ணுக்கு மாறாக ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். தமிழ்நாட்டில் பொருள்களுக்கு அவ்வரம்பு 40 இலட்சம் ரூபாய்.

ஒரே நிறுவனத்தின் கையில் கூட்டம் முழுதும் சிக்காதிருக்க, ஒன்றிய அரசின் முயற்சியால் 2021 இறுதியில் ஓ.என்.டி.சி. என்னும் பொது வலையமைப்பு நிறுவப்பட்டது. ஒரு செயலியில் பட்டியலிட்ட பொருளை வேறொரு செயலியில் உள்ளவரும் வாங்கலாம் என்பது அதன் அமைப்பு. விற்போர் செயலி மாறினாலும் வாங்குவோரை இழக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் வலையமைப்பு தனக்கென ஒன்றும் பெறவில்லை. 2025 ஜனவரியில், 250 ரூபாய்க்கு மேற்பட்ட ஒவ்வொரு விற்பனைக்கும் ஒன்றரை ரூபாய் பெறத் தொடங்கியது. செயலிகள் பெறும் தரகு தனி. அம்மாணவியின் பையை இவ்வழியே விற்றால் என்ன மிஞ்சும் என்பதை அவருடன் அமர்ந்து கணக்கிட எண்ணியுள்ளோம். கணக்கேடு வைத்திருக்கும் ஏனையோரும் கூட்டம் முடிந்ததும் நம்மை வந்து காணலாம். இம்முறை தையற்கூலியையும் எழுதிக்கொண்டு வருக.