மாயாறு: மேற்கே கிளம்பி கிழக்கே போற ஆறு

போன எபிசோடுல ஊட்டி மலை ரயில் பத்தி பேசினோம். இன்னைக்கு ஒரு ஆத்தோட கூடவே மலையில இருந்து கீழ இறங்கலாம்.

பைக்காரா போட் ஹவுஸ் போயிருப்பீங்க. அந்தத் தண்ணி முக்கூர்த்தி சிகரத்துப் பக்கம் உற்பத்தியாகுது. அங்கேருந்து கேரள எல்லை ரொம்பக் கிட்ட. மேற்குப் பக்கம் சரிஞ்சிருந்தா அரபிக்கடலுக்குப் போயிருக்கும். ஆனா இது வடக்கே ஓடி, பீடபூமியோட விளிம்புல அருவியா விழுந்து, மாயாறுன்னு பேர் மாத்திக்குது. அப்புறம் கிழக்கே திரும்பி, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவுல எல்லைக்கோடு போல ஓடி, ஒரு ஆழமான பள்ளத்தாக்குல இறங்கி, பவானிசாகர் அணையில சேருது. அங்கேருந்து பவானி, காவிரி, வங்காள விரிகுடா. நீலகிரியைப் பாதி சுத்தி வந்துதான் சமவெளியைத் தொடுது.

இது இயற்கை போட்ட பாதை. மனுஷன் போட்ட பாதை ஒண்ணும் இருக்கு.

தோடர்களுக்கு பைக்காரா புனிதமான ஆறு. பிரிட்டிஷ் இன்ஜினியர்களுக்கு அது உயரத்துல நிக்கிற தண்ணி. கிளன்மார்கன்ல இருந்து ராட்சதக் குழாய் வழியா 900 மீட்டருக்கு மேல கீழ இறக்கி, சிங்காராவுல 1932-ல மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சாங்க. அதே தண்ணி மரவகண்டி போய், மாயாறு பவர் ஹவுஸ்ல இன்னொரு தடவை டர்பைனைச் சுத்திட்டு, திரும்ப ஆத்துல விழுது. எங்க பாஷையில சொன்னா, ஒரு பிராஞ்ச் பிரிஞ்சு கீழ வந்து மெர்ஜ் ஆகுது.

அந்தக் கரண்ட்தான் 1930-கள்ல கோயம்புத்தூர் மில்லுகளைப் பெருக வெச்சுது. எங்க தாத்தா சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லுல வேலை பார்த்தவர். அவர் சம்பளத்துலதான் அப்பா படிச்சார், அதனாலதான் நான் இன்ஜினியரிங் படிச்சேன். அதாவது இந்த ஆத்துக்கு எங்க குடும்பம் கடன்பட்டிருக்கு.

இப்போ கீழ, தெங்குமரஹாடாவுக்கு வாங்க. நீலகிரி மாவட்டத்து ஊர்தான். ஆனா பவானிசாகர்ல இருந்து காட்டுக்குள்ள பஸ்ல வந்து, மாயாத்தங்கரையில இறங்கி, பரிசல்ல அக்கரை போகணும். பாலம் இல்லை. மேல மழை பெஞ்சாலோ, பைக்காரா அணையில தண்ணி திறந்தாலோ, இங்க வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறிடும். பரிசல் நின்னுடும். பிரசவ வலி வந்த பொண்ணு, பரீட்சைக்குப் போற பையன், எல்லாரும் கரையில நிக்கணும்.

பாலம் கட்டலாமே? சுத்தி இருக்கிறது புலிகள் காப்பகம், யானை நடமாடுற காடு, பாறு கழுகு கூடு கட்டுற பள்ளத்தாக்கு. ஊரையே இடம் மாத்துற பேச்சு ஹைகோர்ட் வரை போச்சு. நல்ல இழப்பீடு கிடைச்சா போறோம்னு சொல்றவங்களும் இருக்காங்க, பரம்பரையா உழுத நிலத்தை எப்படி விடறதுன்னு கேக்கிறவங்களும் இருக்காங்க.

எனக்கு இதுல தீர்ப்பு சொல்ற தகுதி இல்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் உடனே செய்யலாம்னு தோணுது: மேல தண்ணி திறக்கிறதுக்கு முன்னாடி, கீழ பரிசல்காரர் வரைக்கும் தகவல் தவறாம போய்ச் சேரணும். ஓடிபி மூணு செகண்ட்ல வர்ற காலம் இது.

அடுத்த தடவை பைக்காராவுல போட்ல ஏறும்போது, அதே தண்ணிக்காகக் கீழ ஒருத்தர் பரிசலோட காத்துட்டிருக்கார்னு நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.