வாய்விட்டுக் கேட்டவர்



எரிகோ நகரின் வழியோரத்தில் பர்த்திமேயு என்ற பார்வையற்றவர் உட்கார்ந்திருந்தார். இயேசு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் சத்தமிட்டுக் கூப்பிட்டார். கூட்டம் அவரை அதட்டியது. இயேசுவோ நின்றார். அவரை அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டார். அவருடைய தேவை இயேசுவுக்குத் தெரியாதா? தெரிந்தும், அவரே வாய்விட்டுச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

சென்ற ஆண்டு மாமல்லபுரம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். கணவர் காசிமேட்டில் விசைப்படகுக்கு வேலைக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வருமானம் நின்ற அதே நாள்களில் மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டியிருந்தது. தாலிச் செயினை அடகு வைத்துக் கட்டியிருந்தார். "உதவித்தொகைக்கு எழுதிப் போடவில்லையா அம்மா?" என்றேன். "யாரிடமும் கையேந்தக் கூடாது ஃபாதர்" என்றார்.

அந்தத் தன்மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இது கையேந்துவது அல்ல. கடையில் சோப்பு வாங்கினாலும் நாம் வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு 2022 முதல் 'புதுமைப் பெண்', மாணவர்களுக்கு 2024 முதல் 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரி, பொறியியல் போன்ற படிப்பில் அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கட்டணச் சலுகை உண்டு. ஆதிதிராவிடராயிருந்து கிறிஸ்தவத்தைத் தழுவிய குடும்பங்களுக்கும், வருமான வரம்புக்குள் இருந்தால், தமிழக அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. 'நாம் கிறிஸ்தவர்கள், நமக்குக் கிடைக்காது' என்று விசாரிக்காமலேயே ஒதுங்கிவிடாதீர்கள்.

தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வருமானம், சாதி, முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். அவை கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று பல மேசைகளைக் கடந்து வர வேண்டும். பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்குத் தொடங்கி ஆதாரோடு இணையுங்கள். மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கல்லூரியில் சேர்ந்ததும் உதவித்தொகையைக் கவனிக்கும் அலுவலரைப் போய்ப் பாருங்கள்.

நற்செய்தியில் இன்னொன்றும் உண்டு. பர்த்திமேயுவை அதட்டிய அதே கூட்டம், பிறகு அவருக்குத் துணிவூட்டி எழுப்பி அனுப்பியது. பங்கில் படித்தவர்களே, ஆசிரியர்களே, அரசுப் பணியில் இருப்பவர்களே, அந்த இரண்டாவது வேலை நம்முடையது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அரை மணி நேரம் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள்.

அந்த மகளுக்கு இப்போது மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகிறது. தாயின் செயின் மட்டும் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. நாம் சற்று முன்னதாகவே அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம்.

இந்த ஆண்டு தட்டுவோம். இறைவன் உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக.