தட்டுங்கள், திறங்கள்



அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் உள்ள நகரம் பஃபலோ. அங்கே வெயில் ஒருநாளும் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதாகப் பதிவில்லை. 1948-இல் பதிவான 99 டிகிரிதான் உச்சம். கோடையில் ஏரிக்காற்று ஊரைக் குளிர்விக்கிறது. குளிர்காலத்திலோ, அதே ஏரியின் ஈரத்தைக் கடுங்குளிர் காற்று அள்ளிவந்து பனியாகக் கொட்டுகிறது.

2022 கிறிஸ்து பிறப்பு விழாவின்போது வீசிய புயலில் அங்கே நான்கு அடிக்கு மேல் பனி குவிந்தது. ஆம்புலன்சுகள் நகர முடியவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலர் காருக்குள்ளே, சிலர் உதவி வந்துசேராமல் வீட்டிலேயே.

அதே புயலில் பக்கத்து ஊரொன்றில், வேன் பனியில் சிக்கிய கொரியச் சுற்றுலாப் பயணிகள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பனியை அள்ள மண்வாரிதான் கேட்டார்கள். அந்த வீட்டுத் தம்பதியரோ முன்பின் அறியாத பத்துப் பேரையும் உள்ளே அழைத்து, உணவும் படுக்கையும் தந்தார்கள்.

சத்திரத்தில் இடமில்லாமல் பிறந்தவர் நம் ஆண்டவர். அன்று அவருக்கு இடம் கிடைத்தது.

அன்பர்களே, புயலைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் நம் தெருவில் தனியாக வாழும் முதியவர் யார் என்று இன்றே அறிந்துகொள்ளலாம். புயல் வருமுன் அவர் கதவைத் தட்டுவோம். வந்தபின் நம் கதவைத் திறப்போம். ஆமென்.