நாலு மணிப் பசிக்கு நாலு தொட்டி



பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி நம்ம பக்கம் முழுக்க ஒன்றுதான். "யம்மா, திங்கதுக்கு என்ன இருக்கு?" அம்பாசமுத்திரமோ பாளையங்கோட்டையோ ஏரலோ, ஊர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. பதில்தான் மாறிவிட்டது. தெருமுனைக் கடையில் சரம் சரமாகத் தொங்குகிற பொட்டலங்கள்தான் இப்போது பாதி வீடுகளில் பதில். அந்தப் பொட்டலத்தைத் திட்டிக்கொண்டே இந்த நேரத்தை ஓட்டிவிடலாம். ஆனால் திட்டி எந்தப் பிள்ளையும் அதைத் தின்னாமல் இருந்ததில்லை. அதனால் வேறு ஒன்று சொல்கிறேன். வீட்டில் செய்கிற பண்டத்தையும், மாடியில் வைக்கிற தொட்டியையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். இரண்டு வேலையும் லேசாகிவிடும்.

மாடித்தோட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சாம்பாருக்குப் போடுகிற காய். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கிற மாடித்தோட்டத் தளையை நம்மில் பலர் வாங்கியிருப்போம். செடி வளர்க்கும் பைகள், தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், வேப்பெண்ணெய் என்று எல்லாம் ஒன்றாகக் கட்டித் தருவார்கள். நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு பையில் வெண்டை வைத்தால் ஒரு நாளைக்கு இரண்டு காய், மூன்று காய். நாலு பேர் இருக்கிற வீட்டில் அதை வைத்துப் பொரியல் செய்ய முடியாது. சேர்த்து வைத்தால் முற்றிப்போகும். இரண்டு மாதத்தில் அலுப்பு வந்துவிடும், மூன்றாவது மாதம் அந்தப் பையில் துணி காயப்போடும் கொடிக்கம்பு நிற்கும்.

இலையின் கணக்கு வேறு. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை இருந்தால் அடையே வேறு அடை. பத்துக் கற்பூரவல்லி இலை இருந்தால் பத்து பஜ்ஜி. ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நாலு புதினாத் தண்டு, ஒரு சாண் பிரண்டை. நாலு மணிப் பண்டத்துக்கு வேண்டியது எல்லாம் கைப்பிடி அளவுதான். தொட்டியால் கொடுக்க முடிந்ததும் அந்தக் கைப்பிடிதான். அதனால், குழம்புக்குத் தொட்டி வைக்காதீர்கள், பண்டத்துக்கு வையுங்கள்.

சட்டியில் செடி வளர்ப்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் கொடைக்கு முளைப்பாரி வளர்க்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். மண்சட்டியில் வைக்கோலும் காய்ந்த சாணப்பொடியும் மண்ணும் எந்த அளவில் போட வேண்டும், பயறை எத்தனை நேரம் ஊறவைக்க வேண்டும், தண்ணீரை ஊற்றாமல் எப்படித் தெளிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். இருட்டு அறையில் வைப்பதால் பயிர் வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று வெளிர்மஞ்சளாக வளரும். அதே பயறை ஜன்னல் ஓரத்தில் வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்தால் குட்டையாக, பச்சையாக வரும். பெரிய நகரங்களில் இதைத்தான் சின்னச் சின்னப் பெட்டியில் அடைத்து, மைக்ரோகிரீன்ஸ் என்று பெயர் வைத்து, நல்ல விலைக்கு விற்கிறார்கள். நமக்கு அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற வெந்தயமே போதும். அகலமான ஒரு தட்டில் மண் பரப்பி நெருக்கமாகத் தூவினால், இரண்டு வாரத்துக்குள் கிள்ளுகிற பருவத்துக்கு வந்துவிடும். பொடியாக நறுக்கி, ஆமவடைக்கு அரைத்த மாவில் பிசைந்து தட்டுங்கள். லேசான கசப்பு பருப்போடு சேரும்போது ருசியாக இருக்கும்.

கற்பூரவல்லியை எடுத்துக்கொள்வோம், சில வீடுகளில் ஓமவல்லி என்பார்கள். ஒரு தண்டை ஒடித்து ஊன்றினால் வேர் பிடித்துவிடும். அதிகத் தண்ணீர் ஊற்றினால்தான் அழுகும். நடுத்தரமான இலைகளாகப் பார்த்துப் பறித்துக் கழுவி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுங்கள். தடித்த இலை, உள்ளேயே நீர் இருக்கும், வெளி ஈரமும் சேர்ந்தால் எண்ணெய் தெறிக்கும். கடலைமாவு நாலு பங்கு, அரிசிமாவு ஒரு பங்கு, வத்தல்பொடி, பெருங்காயம், உப்பு, காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டி. மாவு இலையில் ஒட்டிப் போர்த்துகிற பதத்தில் இருக்க வேண்டும். கீரை என்றாலே முகத்தைத் திருப்புகிற பிள்ளைகள் இதைக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள்.

பிரண்டைக்கு வருவோம். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தாமிரபரணித் தண்ணீர்தான் அந்த ருசிக்குக் காரணம் என்று அந்த ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். நம் பழைய அப்பளங்களில் உளுந்து மாவோடும் அப்பளக்காரத்தோடும் பிரண்டைச் சாறும் சேரும். வயிற்றுக்கு நல்லது என்று வீட்டுப் பெரியவர்கள் நம்பிச் சேர்த்த கொடி அது. இரண்டு கணு உள்ள துண்டை மண்ணில் செருகினால் போதும், தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. கைப்பிடிச் சுவரில் ஏற விடுங்கள். இளங்கொடியை மட்டும் ஒடித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரியுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். பச்சையாக வாயில் வைக்கவே கூடாது. எண்ணெயில் நன்றாக வதக்கி, உளுத்தம்பருப்பு, வத்தல், தேங்காய், கொஞ்சம் தாராளமாகப் புளி சேர்த்து அரைத்தால் துவையல். இனி, அப்பளத்தைத் தணலில் சுட்டு நொறுக்கி, சின்ன உள்ளியும் தேங்காய்ப்பூவும் கலந்து, இந்தத் துவையலைத் தொட்டுத் தின்று பாருங்கள். பொரிக்கிற எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவே இல்லை, பண்டம் தயார்.

அடைக்கு நம்ம ஊர் அரிசியே இருக்கிறது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986 இல் வெளியிட்ட அம்பை 16, குண்டு அரிசி. இட்லிக்கு அதைத்தான் நம் வீடுகளில் கேட்டு வாங்குகிறார்கள். அரிசி இரண்டு பங்கு, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் சேர்த்து ஒரு பங்கு, வத்தல், சோம்பு. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும், மாவு புளிக்க வேண்டாம். கரகரப்பாக அரைத்து முருங்கைக்கீரையை உருவிப் போட்டு, தோசைக்கல்லில் தடியாக ஊற்றுங்கள். பக்கத்தில் ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டி. 2023 இல் அந்தக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பாட்டிகளுக்கு அதன் தரம் அதற்கு முன்பே தெரியும்.

முருங்கையைத் தொட்டியிலா என்று கேட்பீர்கள். காய்க்கு வளர்த்தால் சிரமம், கீரைக்கு வளர்த்தால் நடக்கும். பாதியாக வெட்டிய பீப்பாய் போன்ற பெரிய கலம் வேண்டும். மூன்றடி வளர்ந்ததும் தயங்காமல் நுனியை வெட்டிவிடுங்கள், பக்கக் கிளைகள் வெடிக்கும். வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஆனி மாதக் காற்று காட்டிக்கொடுக்கும்.

இந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சென்னையிலும் கோவையிலும் எழுதுகிற மாடித்தோட்டப் புத்தகங்களில் இது இருக்காது. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று இறங்குகிறது. குற்றாலத்தில் அது சாரல். கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து கிழக்கே வரவர அதில் ஈரம் குறைந்து வேகம் மட்டும் மிஞ்சும். நம் மாடியில் அது இரண்டு வேலை செய்யும். உயரமான செடியை முறிக்கும், தொட்டி மண்ணைக் காலையில் ஊற்றி மத்தியானத்துக்குள் காயவைக்கும். வெயிலில் வாடியது என்று நினைத்து நிழலுக்கு மாற்றுவார்கள், செடி அப்போதும் வாடும். காரணம் வெயில் இல்லை, காற்று. தொட்டிகளை மேற்குக் கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கமாக, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வையுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். காருகுறிச்சி மண்தொட்டி அழகுதான், வேருக்கும் குளிர்ச்சிதான். ஆனால் அது பக்கவாட்டிலும் நீரை இழக்கும், காற்று மாதங்களில் பழைய பெயிண்ட் வாளி அதைவிடக் கைகொடுக்கும். அடியிலும், அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே பக்கத்திலும் துளை போட்டுவிடுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிய மாவட்டங்கள் நம்முடையவை. காய்ச்சலும் பாய்ச்சலுமான ஊரில் தண்ணீர் ஊற்றுவதைப்போலத் தண்ணீரை வெளியேற்றுவதும் முக்கியம்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆற்றுப்பாசன வயலின் வண்டல்மண் நெல்லுக்கும் வாழைக்கும் ராஜா. அதை மட்டும் தொட்டியில் நிரப்பினால் இறுகிப் பாறையாகும். மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிய பிறகுதான் சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிற வீடுகளில் அரிசி களைகிற தண்ணீரைச் செடிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். புளித்த மோர் கெடுதல் செய்யாது, ஊற்றுங்கள். ஆனால் செடி கிளைப்பது நுனியைக் கிள்ளுவதால்தான். முதல் வருஷம் அது மெதுவாகத்தான் வளரும், அதுவரை இலை பறிக்காமல் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதினாவுக்கு ஆழம் வேண்டாம், அகலமும் அரைநிழலும் போதும். கடையில் வாங்கிய கட்டில் தண்டைக் கிள்ளி ஊன்றினாலே வரும். கொத்தமல்லியைச் சித்திரை வெயிலில் முயற்சி செய்யாதீர்கள், இலை விடும் முன்னே பூத்துவிடும். கார்த்திகைக்கு மேல் விதையுங்கள்.

கார்த்திகை என்றதும் ஓலைக்கொழுக்கட்டை நினைவுக்கு வருகிறது. வறுத்த அரிசிமாவு, கருப்பட்டி, தேங்காய்ப்பூ, ஏலம், சுக்கு. பிசைந்து பனங்குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி ஆவியில் வேகவைப்போம். பெருமாள்புரத்து அடுக்குமாடியில் குருத்தோலைக்கு எங்கே போவது? ஒரு தொட்டியில் வைகாசியிலேயே மஞ்சள் கிழங்கு ஊன்றி வைத்திருந்தால் அதன் இலை உதவும். கொங்கணக் கரையில் மஞ்சள் இலையில் மடித்து அவிப்பது பழைய வழக்கம். வாசனை நம் ஓலையுடையது போல இருக்காது, அது வேறு வாசனை, அதுவும் நல்ல வாசனைதான். அடியிலைகளை மட்டும் எடுங்கள். தைப் பொங்கலுக்குப் பானையில் கட்ட மஞ்சள் குலையும் அதே தொட்டியில் கிடைக்கும்.

பொங்கலுக்கு வருகிற இன்னொரு பண்டம் பனங்கிழங்கு. பனங்கொட்டைகளைக் குவித்த மண்மேட்டில் அடுக்கி மூடிவிட்டால், முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகும். மேடு கட்டுவதே பிடுங்குவது எளிதாக இருக்கட்டும் என்றுதான். முளைக்கத் தொடங்கிய கொட்டையைப் பிளந்து உள்ளே இருக்கிற வெள்ளைத் தவுனைத் தின்றவர்களுக்கு அந்த ருசி தெரியும். கிழங்கை மாடியில் வளர்க்கச் சொல்ல மாட்டேன், அத்தனை ஆழம் தொட்டிக்கு இல்லை. மார்கழி கடைசியில் சந்தையில் கட்டாக வாங்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நடு நரம்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள். சிப்ஸ் பொட்டலத்தைவிட நேரம் பிடிக்கும், ஏனென்றால் மெல்ல வேண்டும்.

அல்வாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று யாராவது குறைப்படுவீர்கள். கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, தெளியவைத்து, நெய் பிரியும்வரை கை ஓயாமல் கிண்ட வேண்டும். அது வீட்டு வேலை இல்லை. சாயங்காலம் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே போய் வரிசையில் நின்று வாங்கிவிடுங்கள்.

கடைசியாகச் செலவுக் கணக்கு. கறிவேப்பிலைக் கன்று ஒன்றை மட்டும் நல்ல நாற்றங்காலில் காசு கொடுத்து வாங்குங்கள். மஞ்சளுக்கு முளைவிட்ட கிழங்கு ஒன்று சந்தையில் கிடைக்கும். பிரண்டை, கற்பூரவல்லி, முருங்கைப் போத்து மூன்றையும் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி ஊன்றலாம். செவ்வாய், வெள்ளியில் சில வீடுகளில் கொடுக்க மாட்டார்கள். மற்ற நாளாகப் பார்த்துப் போங்கள்.