துருவும் இறால் ஓடும்



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் இரும்பு பெரிய தொழில். பழைய இரும்பு லாரி லாரியாக வந்து இறங்குகிறது. உலையில் உருகி, ரோலிங் மில்லில் கம்பியாக வெளியேறுகிறது. அங்கே வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் துரு என்றால் நஷ்டம் என்றுதான் சொல்வார்கள். அந்தத் துருவின் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள்தான் இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் குடிநீரிலிருந்து நஞ்சை நீக்குகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நஞ்சின் பெயர் ஆர்சனிக். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் நிலத்தடிப் பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரைந்து கிணற்று நீரில் கலக்கிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பல வருடங்கள் குடித்தால் தோலில் புள்ளிகள் வரும். புற்றுநோய் வரை கொண்டுபோகும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு, இதைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரும்பு ஆக்சைடுக்கு ஆர்சனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஆனால் பிடிப்பது அதன் மேற்பரப்புதான். உள்ளே இருக்கும் பகுதிக்கு அந்த வேலையில் பங்கில்லை. ஆகவே மேற்பரப்பைக் கூட்ட வேண்டும். அதற்கு வழி, துகளைச் சிறிதாக்குவது.

ஒரு சின்னக் கணக்கு. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரக் கட்டிக்கு ஆறு முகங்கள்; மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் துண்டுகளாக நறுக்க முடிந்தால், மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் ஊர்க் கணக்கில் இரண்டரை கிரவுண்டு மனைக்கும் மேல்! விரல் நுனியில் அடங்கும் பொருளுக்குள் அவ்வளவு இடம். நானோ தொழில்நுட்பத்தின் பலம் இதில்தான் இருக்கிறது.

ஆனால் இவ்வளவு நுண்ணிய இரும்பு ஆக்சைடு அப்படியே நிலைத்து நிற்பதில்லை. நாளாக ஆக வேறு படிக வடிவத்துக்கு மாறும், துகள்கள் பெரிதாகும், பரப்பு சுருங்கும். இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர்கள் சென்னை ஐஐடியின் வேதியியல் பேராசிரியர் பிரதீப்பும் அவருடைய குழுவினரும். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் என்ற பொருளுக்குள் அந்தத் துகள்களைக் கட்டிப்போட்டார்கள். உலையின் சூடு வேண்டாம். சாதாரண வெப்பநிலையிலேயே, தண்ணீரிலேயே மணி மணியாகத் தயாராகிறது. 2013ல் இந்தக் குழு வெளியிட்ட ஆய்வு, இத்தகைய பொருட்களைக் கொண்டு, மின்சாரமே இல்லாமல் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு இரண்டரை டாலரில் சுத்தமான குடிநீர் தர முடியும் என்று கணக்கிட்டது. அன்றைய மதிப்பில் 150 ரூபாய்க்குள். ஆர்சனிக்கை நீக்கும் அவர்களுடைய முறைக்கு ‘அம்ரித்’ என்று பெயர். பிரதீப்புக்கு 2020ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இரும்பும் இறால் ஓடும்! கும்மிடிப்பூண்டி ஆலைகளும் இறால் பிடிக்கும் பழவேற்காடும் ஒரே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. இந்த அறிவு நமக்கு அந்நியமானதல்ல. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கல்லூரியில் எடுத்துப் படிக்க வேண்டிய வேதியியல் இது.

எல்லாத் தண்ணீருக்கும் இது மருந்தாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது. அந்த உப்பை இரும்பு ஆக்சைடு பிடிக்காது. உப்பை நீக்க வேறு முறை வேண்டும். கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்க காட்டுப்பள்ளியில் 2010ல் தொடங்கிய ஆலை அந்த வேறு முறையில் அமைந்ததுதான். ஆர்சனிக்கைப் போல, ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களும் ஆக்சைடுகளின் கைக்கு அகப்படும். நஞ்சைப் பிடித்து நிறைந்துபோன மணிகளைக் குப்பையில் கொட்டவும் கூடாது. அவற்றைப் பாதுகாப்பாக அகற்றியாக வேண்டும்.

உலோக ஆக்சைடுகளின் வேலை தண்ணீரைச் சுத்தம் செய்வதோடு முடிவதில்லை. 1972ல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும், டைட்டானியம் ஆக்சைடின் மேல் ஒளி பட்டால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாம் என்று காட்டினார்கள். 1991ல் அதே ஆக்சைடின் நானோ துகள்களில் சாயம் ஏற்றி, மலிவான சூரிய மின்கலம் செய்யப்பட்டது. உங்கள் வீட்டு எல்இடி விளக்கில் நீல ஒளியை வெள்ளையாக்குவதும் இட்ரியம், அலுமினியம் சேர்ந்த ஓர் ஆக்சைடுதான்.

கடைசியாக, சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணறும் போர்வெல்லும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். உப்பும் கடினத்தன்மையும் பார்த்தால் போதாது; ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தண்ணீரில் இருப்பது என்னவென்று தெரிந்தால்தான் எந்த வடிகட்டி வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். ஆலை நடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: கலந்த நஞ்சைப் பிரிப்பதைவிட, கலக்காமல் தடுப்பது எப்போதுமே மலிவு.