பால்மரம் வந்திறங்கிய பூங்கா



விடியற்காலையில் நம் கையிலுள்ள உளி, மரத்தின் உயிரைத் தொடாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவுகின்றதே, அம்முறையை ஆய்ந்து கண்ட இடம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவாகும். 1859இல் அமைந்த அப்பூங்காவிற்கு 1877இல் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. சில கன்றுகள் பேராக்கின் கோலகங்சாருக்குச் சென்றன. 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி என்பார், மரத்தைக் கொத்திப் புண்ணாக்காமல் நாள்தோறும் ஒரே வெட்டைச் சீவிப் பால் எடுக்கலாம் என்று காட்டினார். 2015இல் யுனெஸ்கோ அப்பூங்காவை உலக மரபுடைமையாக ஏற்றது.

ஆகவே, அங்குக் காக்க வேண்டியவை மரஞ்செடிகள் மட்டுமல்ல. ஓரிடத்துப் படிக்கட்டில் அம்புக்குறி பொறித்த செங்கற்கள் உள்ளன. ஜப்பானியர் ஆட்சியில் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் செய்த கற்கள் அவை. உடைந்த கல்லை எடுத்துவிட்டுப் புதுக்கல் வைப்பது கொத்தனாருக்கு எளிது. எந்தக் கல்லைத் தொடலாகாது என்பதை முதலில் அவருக்குச் சொல்லியாக வேண்டும். நிருவாகம் என்பதில் பாதி இதுதான் என்பது நம் எண்ணம்.

பூங்காவிற்கும் முற்பட்ட மழைக்காடு ஒன்று, ஏறத்தாழ 6 ஹெக்டர் பரப்பில், அதனுள்ளேயே இருக்கின்றது. நாம் நிரையைத் துப்புரவாக வைப்பதுபோல் அதனை வைத்தல் கூடாது. விழுந்த சருகே அக்காட்டிற்கு எரு.

மூத்த மரங்களின் செய்திதான் கடினமானது. 2017 பிப்ரவரி 11 அன்று, 270 ஆண்டுகளுக்கு மேற்பட்டதெனக் கணிக்கப்பட்ட, 40 மீட்டர் உயரமுள்ள தெம்புசு மரமொன்று அங்கே வேரோடு சாய்ந்தது. ஒரு பெண்மணி உயிரிழந்தார். வேறு சிலர் காயமுற்றனர். சில மாதங்களுக்கு முன்னர்ச் சோதித்தபோது அம்மரம் நலமாகவே தோன்றியது. மண்ணுக்குக் கீழே வேர் அழுகியிருந்ததை மேலிருந்து பார்த்த கண் அறியவில்லை. அதற்காக மூத்த மரங்களையெல்லாம் வெட்டிவிடலாமா? வெட்டினால் பூங்கா எதற்கு? வெட்டாமல் விட்டாலோ, அதனடியில் நடப்பவரின் உயிருக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஓயாமல் சோதிப்பதும், ஐயமுள்ள இடத்தில் மக்களைத் தள்ளி நிறுத்துவதுமே வழி.

ஐந்து வெள்ளி நோட்டில் இடம்பெற்ற தெம்புசு மரமும் அப்பூங்காவில்தான் நிற்கின்றது. தாழ்ந்து நீண்ட அதன் கிளைமீது முன்னாளில் பிள்ளைகள் ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொள்வர். ஆயிரம் கால்கள் மிதித்து மண் இறுகினால், வேருக்குக் காற்றும் நீரும் எட்டா. இப்போது சுற்றிலும் வேலி இட்டிருக்கின்றனர். பிள்ளைகளுக்கு ஏமாற்றந்தான், நாமும் வேலிக்கு வெளியே நின்றே பார்க்கின்றோம்.